சித்தியின் கணினியில் ஓடிய கார்

கார் தளர்ந்துபோவதை முதலில் கவனித்தவள் நான்தான். ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது. அதுவரை வழுக்கிக்கொண்டு வந்த சாலையோர மரங்கள், திடீரென்று ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து வருவதுபோல் விட்டுவிட்டு நகர்ந்தன. எதிரே வந்த லாரி ஒரு கணம் அங்கே நின்றது, மறுகணம் மூக்குக்கு முன்னால் நின்றது. நடுவில் அது எங்கே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கணினி சித்தியுடையது. அம்மாவின் தங்கை. ஜெலுத்தோங்கில் எட்டாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டில், பின்னறையில் தங்கித் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மாடியிலேயே கணினி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சித்தி யாரையும் அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. தப்பு செய்தால் பேசாமல் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அப்பாவின் பெல்ட்டே தேவலாம் என்று அண்ணன் சொல்வான்.

அது ஒரு வாரத் தவணை விடுமுறை. சித்திக்கு ஈப்போவில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அரசாங்க உத்தியோகம், நல்ல குடும்பம் என்று அம்மா தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். நாள் குறிக்க அம்மாவும் சித்தியும் நான்கு நாள் பயணமாகக் கிளம்பினார்கள். அப்பா விடிந்ததும் மோட்டார் சைக்கிளோடு பெரி ஏறிக் கடலைக் கடந்து ஜுருவில் இருந்த தொழிற்சாலைக்குப் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் வருவார். புறப்படும்போது சித்தி பின்னறைச் சாவியை அண்ணன் கையில் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான், ஆ. மூணு வகுப்புக் கேள்வித்தாளு உள்ள இருக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் வேலைக்குப் போக வேணாம்."

ஒரு மணி நேரம் மட்டும் விளையாட அண்ணன் உத்தமன் இல்லை. வெளியே போகவும் வழி இல்லை. அந்த நாட்களில் எங்கோ காடு எரிந்த புகைமூட்டம் ஊரையே மூடியிருந்தது. வழக்கமாகச் சன்னலில் தெரியும் கடலும் பாலமும் காணாமல் போயிருந்தன. சூரியன் காலையிலும் ஆரஞ்சுப் பழம்போல் மங்கிக் கிடந்தது. சன்னலைத் திறக்கக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. மூடிய அறையில் புழுக்கத்தோடு நாங்கள் இருவரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கார் ஓட்டினோம். அதாவது, அண்ணன் ஓட்டினான். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினான்கு. என் முறை வரவே வராது.

கார் தளர்கிறது என்று நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. "ஒனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு" என்றான். அவனுடைய கைக்கடிகாரத்தில் நொடி அளக்கும் பொத்தான் இருந்தது. அதைக் கழற்றி என்னிடம் கொடுத்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொன்னான். அரை மணி ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி போட்டபோது ஒரு சுற்று எழுபது நொடி. ஒரு மணி நேரம் கழித்துத் தொண்ணூறு. இன்னும் அரை மணியில் நூற்றிருபது. கார் தேனில் ஓடுவதுபோல் ஓடியது. அதன் உறுமல்கூட விக்கி விக்கி வந்தது.

அண்ணனின் முகம் மாறியது. நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினான்.

"வைரஸ்லா இது."

"அப்படின்னா?"

"உள்ள பூந்துரும். ஒவ்வொரு பைலா தின்னும். கடைசில எல்லாத்தையும் தின்னுட்டு கம்பியூட்டரே செத்துரும்."

நான் முக்காலியின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்து, சித்தியின் கேள்வித்தாள்களை ஓரத்திலிருந்து மென்றுகொண்டிருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வட்டு சுற்றும் 'கர் கர்' ஓசைதான் அது தின்னும் சத்தம். அதன் பிறகு அன்று நான் அந்த அறைப்பக்கமே போகவில்லை. குளியலறைக்குப் போகும்போதும் பின்னறை வாசலை ஓடித்தான் கடந்தேன்.

மறுநாள் அண்ணனுக்கு வேறு யோசனை வந்தது. வைரஸ் இல்லையாம், இடம் போதவில்லையாம். கணினியின் வயிறு நிறைந்துவிட்டதால்தான் மூச்சு வாங்குகிறதாம். வேண்டாதவற்றை அழித்தால் சரியாகிவிடும் என்றான். வேண்டாதவை எவை என்பது அவனுக்குத் தெரியாது. பெயர் புரியாதவை எல்லாம் வேண்டாதவை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தான். மீண்டும் காரைப் போட்டோம். ஒரு மணி நேரத்தில் அதே தொண்ணூறு நொடி.

"குப்பத்தொட்டியக் காலி பண்ணாத்தான் இடம் கெடைக்கும்" என்று அவன் திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்தான். வரிசையாகப் பெயர்கள் ஓடின. காலி செய்யலாமா என்று கணினி கேட்டது. அவன் விரல் எலிப்பொறிமேல் இருப்பதுபோல் அந்தப் பொத்தான்மேல் இருந்தது. அப்போதுதான் நான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். 'உஜியான்'. எங்கள் பள்ளியில் தேர்வுத் தாள்களின் தலையில் மலாயில் அச்சடித்திருக்கும் சொல். எனக்குப் பிடிக்காத சொல், அதனால் எங்கே இருந்தாலும் கண்ணில் படும்.

"அண்ணே! அது சித்தியோட கேள்வித்தாளு!"

அவன் கையை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தான். ஒரே ஒரு அழுத்தத்தில் மூன்று வகுப்புகளின் தேர்வும் சித்தியின் வேலையும் போயிருக்கும். அண்ணனின் உதடு நடுங்கியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் பயப்படக்கூடியவன் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்கானது.

எதை அவன் அழித்தான், எது முன்பே அங்கே கிடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. "எல்லாத்தையும் எடுத்துரு அண்ணே, எல்லாத்தையும்" என்று நான் அழுதேன். எல்லாவற்றையும் தேர்ந்து, எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே அனுப்பிவைத்தான். குப்பைத்தொட்டி காலியாயிற்று. கேள்வித்தாள்களைத் திறந்து பார்த்தோம். ஒரு எழுத்தும் குறையவில்லை. திரையின் வலது ஓரத்தில் முன்பு இல்லாத ஒரு கோப்பு நின்றது. 'சூராட்' என்று பெயர், மலாயில் கடிதம். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி எதையாவது அழிப்பான் என்ற பயம்.

ஆனால் கார் இன்னும் தளர்ந்துகொண்டுதான் இருந்தது. நாளை மறுநாள் சித்தி வந்துவிடுவார்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தான். "சுடுது" என்றான். பிறகு ஒன்றை ஒத்துக்கொண்டான். காரின் உறுமல் நன்றாகக் கேட்க வேண்டும் என்று, போன வாரமே சித்தி பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், நண்பனிடம் இரவல் வாங்கிய ஒரு சத்த அட்டையை உள்ளே சொருகியிருந்தானாம். ஒருமுறை திறந்த பெட்டியை மறுபடியும் திறக்க வேண்டும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். "கைய வெச்சா ஷாக் அடிக்கும். பிடுங்கினாலும் கரண்டு உள்ளயே நிக்கும்" என்று சொல்லிவிட்டு, "ஓங் கைதான் சின்னக் கை" என்றும் சொன்னான். நான் இரண்டு கால்களிலும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டேன். ஒன்றும் அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். உள்ளே ஒரு சிறிய விசிறி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் இறகுகளின் மேல் ஒரு தட்டையான சாம்பல் நிறக் கம்பிப்பட்டை சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. சத்த அட்டையைச் சொருகும்போது அண்ணன் தள்ளிவிட்ட பட்டை அது. விசிறி சுற்றவே இல்லை.

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தால் பட்டையை ஓரமாகக் கட்டினோம். அட்டையைப் பிடுங்கினான். பெட்டியை மூடி, காரைப் போட்டு, கடிகாரத்தைப் பிடித்தேன். சத்தம் இல்லாத கார். முதல் சுற்று எழுபது நொடி. ஒரு மணி நேரம் கழித்து எழுபது. இரண்டு மணி நேரம் கழித்தும் எழுபதேதான். கணினி சூடேறினால் கருகிவிடாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்கு அது தெரியாது. செத்தது பிழைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சித்தியும் அம்மாவும் மறுநாள் மதியம் வந்தார்கள். அம்மாவின் கையில் பலகாரப் பெட்டி, சித்தியின் கையில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டுப் புடவை. தையில் கல்யாணம் என்று அம்மா கதவைத் திறக்கும்போதே சொன்னார். அண்ணன் சத்த அட்டையை நண்பனிடம் திருப்பிக் கொடுக்கிறேன் என்று படியிறங்கி ஓடிவிட்டான். நான் மட்டும் அகப்பட்டேன்.

சித்தி புடவைப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, உடைகூட மாற்றாமல் கணினியைப் போட்டார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரை எழுந்தது. சித்தி அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் பயந்துகொண்டிருந்த பார்வை இல்லை அது. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"இந்தக் கடிதம் எப்படி இங்க வந்துச்சு?"

"தெரியாது சித்தி."

"யாராச்சும் எடுத்தீங்களா?"

உண்மையைச் சொன்னால் அழித்தது தெரியும், பெட்டியைத் திறந்தது தெரியும், அட்டை தெரியும். என் வாய் தானாகவே சொன்னது:

"யாரும் எடுக்கல சித்தி. அது தானா வந்துச்சு."

"தானாவா?" என்றார் சித்தி. மிக மெல்ல, என்னிடம் கேட்பதுபோலவே இல்லை. பிறகு எழுந்துவந்து, என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சிறிது நேரத்தில் உள்ளே அச்சு இயந்திரம் கீச்சிட்டது. கேள்வித்தாள்தான் அச்சாகிறது, ஒன்றும் கெடவில்லை என்று நினைத்து நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் இடி விழுந்தது. ஈப்போவிலிருந்து தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. அம்மா அழுதார், அப்பா கத்தினார், புடவைப் பெட்டி திரும்பிப் போயிற்று. கல்யாணம் நின்றுவிட்டது. கணினியைத் திறந்த பாவம்தான் இப்படி வந்து விடிந்தது என்று நானும் அண்ணனும் நடுங்கினோம். யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, பேச்சுவாக்கில் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு, எனக்கு விருப்பம் இல்லைன்னு எழுதி வெச்சிருந்தாளாம் ஒஞ் சித்தி. அனுப்ப தைரியம் வரல. ஈப்போ போறதுக்கு முந்தின நாளு அழிச்சிட்டாளாம். வந்து பாத்தா, அழிச்ச கடிதம் கண்ணு முன்னால நிக்குதாம். தானா வந்துச்சாம். முருகனே எடுத்து வெச்சாருன்னு மறுநாளே தபால்ல போட்டுட்டா."

நான் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். சித்தி இப்போது சிம்பாங் அம்பாட்டில் தனி வீட்டில் இருக்கிறார். தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றவர். போகும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிறார், கிளம்பும்போது கைநிறைய ரம்புத்தான் பழம் கொடுத்தனுப்புகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

அன்று மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுக்காரிக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. அண்ணன் படியேறி வந்து, கண்களாலேயே என்ன ஆயிற்று என்று கேட்டபோது, அவள் பெருமையோடு அவன் காதில் சொன்னாள்: "நான் ஒரு பொய் சொன்னேன். சித்தி நம்பிட்டாங்க."