கேட்டில் நின்ற சம்பந்தி

மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் இதை எழுதும் தைரியம் வந்திருக்கிறது. எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே நீங்க எழுதி என்ன ஆகப் போவுது லா?" என்றாள். அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். என் மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தவர்களை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம்... என் போன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் போனைத் தெரியும். பட்டன் போன். ஐந்தாம் எண் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. ஆனாலும் அழுத்தினால் ஐந்து வரும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் தாங்கும். கூப்பிடலாம், பேசலாம், வைக்கலாம். போனுக்கு வேறென்ன வேலை? இப்படி எத்தனை முறை இங்கே எழுதியிருப்பேன்! நீங்களும் 'சபாஷ், விட்டுக்கொடுக்காதீர்கள்' என்று பாராட்டியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டுகளில் முக்கால்வாசி பத்திரிகை ஆசிரியரின் வாட்ஸ்அப்புக்கு வந்தவை. அவர்தான் எனக்காக அச்செடுத்துக் கொடுப்பார்.

கொள்கைக்காகக் கஷ்டப்படாமலும் இல்லை. சாப்பாட்டுக் கடையில் மெனு கேட்டால் மேசையில் ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட படத்தைக் காட்டுகிறார்கள். பக்கத்து மேசைக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று எட்டிப் பார்த்து, அதையே ஆர்டர் செய்துகொண்டு காலம் தள்ளுகிறேன். கோயில் உண்டியலிலும் அந்தப் படம் வந்துவிட்டது. 'கல்யாணத்துக்கு ஏன் வரல?' என்று கோபிக்கும் நண்பர்களிடம், 'எனக்குச் சொல்லவே இல்லையே' என்றால், 'குரூப்ல போட்டேனே!' என்கிறார்கள். எந்த குரூப்? நான் எந்த குரூப்பிலும் இல்லையே!

இதெல்லாம் என்னோடு போனவை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை.

தர்ஷினிக்கு இருபத்தெட்டு வயது. இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். கூட வேலை செய்யும் விக்னேஷைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். எங்களுக்கும் பிடித்திருந்தது. பிடிக்காத ஒரே ஆள் பையனின் அப்பா மாரியப்பன்.

அவருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் லாரி பட்டறை. லாரிக் கம்பெனி நடத்தும் பெரிய பெரிய டவுக்கேக்கள்கூட அவர் பட்டறையில் காத்துக்கிடப்பார்களாம். அவர் யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லை. நிபோங் திபாலில் இருக்கும் தன் அக்கா மகளைத்தான் பையனுக்குக் கட்ட வேண்டும் என்று மாதக்கணக்கில் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் மகன் முகத்துக்காக இறங்கி வந்தார். "ஒரு தடவ போயி பாப்போம். மனசுக்கு ஒட்டலன்னா அதோட விட்டுடணும்" என்றாராம். விக்னேஷும் தலையாட்டிவிட்டான். அப்பாவை மீறிக் கல்யாணம் செய்துகொள்வதில் இரண்டு பேருக்குமே விருப்பமில்லை.

"அப்பா, அவரு கோவக்காரரு. சின்னதா ஒரு கொற கெடச்சா போதும், எழுந்து போய்டுவாரு. நீங்க மட்டும் கொஞ்சம் பாத்து இருங்கப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

நான் பார்த்து இருக்க மாட்டேனா? புதுத் திரைச்சீலை மாட்டினேன். சோபாவை நகர்த்தினேன். என் வாயைக்கூட அடக்கி வைத்திருந்தேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய்தான்... அலட்சியம் செய்தேன்.

எங்கள் டத்தோ கிராமாட் குடியிருப்பில் அந்த மாதம் முதல் புது ஏற்பாடு. விருந்தாளி வர வேண்டுமானால், வீட்டுக்காரர் தன் போனில் உள்ள ஆப்பில் பதிய வேண்டும். அது ஒரு கியூஆர் கோடு தரும். அதைக் காட்டினால்தான் கேட் திறக்கும். காரில் வந்தாலும் சரி, நடந்து வந்தாலும் சரி. ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர். எங்கள் வீட்டுக்குப் பதிவாகியிருப்பது என் நம்பர்.

"ஆபீசுக்குப் போயி நம்பர என் பேருக்கு மாத்திட்டு வாங்க. என் போன்ல ஆப் போட்டுக்கிறேன்" என்று மனைவி சாந்தி இரண்டு முறை சொன்னாள்.

"என் வீட்டுக்கு விருந்தாளி வர நான் ஒரு ஆப்புகிட்ட பெர்மிஷன் கேக்கணுமா?" என்று நான் ஆரம்பித்தேன். தனிமனித சுதந்திரத்தில் தொடங்கி எங்கெங்கோ போனேன். அவள் என் பிரசங்கம் முடியும் வரை வெங்காயம் நறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. பட்டன் போன் அடித்தது. கேட்டில் உள்ள கார்டு ஹவுஸிலிருந்து காவலாளி ராம் பிரசாத். நேபாளத்துக்காரர், தினமும் எனக்கு சல்யூட் வைப்பவர்.

"பாஸ், தாமு சூடா சம்பாய். கியூஆர் தாடா."

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், கியூஆர் இல்லை. லிஃப்டில் இறங்கி ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே அவர்கள் கார். உள்ளே விக்னேஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மாரியப்பன் பட்டு வேட்டியோடு வெயிலில் இறங்கி நின்றார். பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு அவர் மனைவி.

"என்னண்ணே, வரச் சொல்லிட்டு கேட்ட பூட்டிட்டீங்க?"

"மன்னிச்சுக்குங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ராம் பிரசாத்திடம் மலாயில் கெஞ்சினேன். என்னைத் தெரியாதா உனக்கு?

"சாயா கெனால், பாஸ். சிஸ்டம் தாக் கெனால்."

எனக்குத் தெரியும், சிஸ்டத்துக்குத்தான் உங்களைத் தெரியாது என்கிறார். தலைக்கு மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். கோடு இல்லாமல் விட்டால் அவர் வேலை போய்விடும். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். போனைக் காட்டினான். பீப். கேட் திறந்தது, போய்விட்டான். பின்னால் பெட்டியில் யாருக்கோ பீட்சா. பீட்சா உள்ளே போகலாம்... என் சம்பந்தி போகக் கூடாது!

மாரியப்பன் அதையும் பார்த்தார். "உங்க போனக் காட்டுங்கண்ணே" என்றார். கொடுத்தேன். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"இதுல ஆப் எங்க இருக்கு?"

"இதுல டார்ச் லைட்டுதாங்க இருக்கு."

"என் பட்டறையில டயர் மாத்துறவங்கள்லாம் ஸ்மார்ட்போன் வச்சிருக்காங்க. நீங்க பேப்பர்ல எழுதுறவரு!"

இதே விஷயத்தைப் பற்றி எத்தனையோ பத்தி எழுதியிருக்கிறேன். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

மேலே வீட்டுக்குப் போன் செய்தேன். சாந்தி பக்கத்து வீட்டுச் சீன அக்காவைக் கூப்பிட்டாள். அவர் பாவம், தன் ஆப்பில் பதிந்து பார்த்தார். விருந்தாளி என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகப் பதிய வேண்டுமாம்; பீட்சாவுக்கு மட்டும் அந்த விதி இல்லையாம். நிர்வாக அலுவலகமோ ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

இதற்குள் மாரியப்பன் தன் போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார். குடும்ப குரூப்புக்கு நேரடி வர்ணனை. "இன்னும் கேட்லதான் நிக்கிறோம். உள்ள விட மாட்டேங்கிறாங்க." மறு நிமிடமே பதில் வந்தது. நிபோங் திபால் அக்காவின் குரல். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க வீட்டுக்கு கேட்டே கெடையாது தம்பி. நீ எப்ப வேணாலும் வரலாம்."

காரில் இருந்த விக்னேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

பையனின் அம்மா தனலட்சுமி தாம்பூலத் தட்டோடு முன்னால் வந்தார். வாட்சைப் பார்த்தார். "நாலரைக்கு ராகு காலம். அதுக்கப்புறம் பொண்ணு பாக்க முடியாதுங்க. சகுனமும் எனக்கு என்னமோ போல இருக்கு."

"அப்ப கார திருப்பு தம்பி" என்றார் மாரியப்பன் மகனிடம்.

விக்னேஷ் திருப்பவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஆப். ஒரே ஒரு தடவை அலுவலகத்துக்கு நடந்து போயிருந்தால் முடிந்திருக்கும். என் வீம்புக்கு என் பெண்ணின் கல்யாணம் கேட்டில் நிற்கிறதே! மறுபடியும் வீட்டுக்குப் போன் செய்தேன். தர்ஷினி எடுத்தாள்.

"கெளம்புறாங்கம்மா..."

போனை வைத்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று மாரியப்பனைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். எதற்காக என்று எனக்கே தெரியாது. அவர் கையை உருவப் பார்த்தார், நான் விடவில்லை. அப்போது லிஃப்ட் பக்கமிருந்து கொலுசுச் சத்தம் கேட்டது. பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் கேசரிக் கிண்ணங்கள் வைத்த தட்டோடு, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே என் மகள் வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் காப்பி ஃப்ளாஸ்க்கோடு சாந்தி. அவளுக்குப் பின்னால், கப்புகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சீன அக்கா.

கேட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"வணக்கம் மாமா, வணக்கம் அத்தை. உங்கள உள்ள விட மாட்டேங்கிறாங்க. நான் வெளிய வர்றதுக்கு கியூஆர் வேணாமாம். அதான் வந்துட்டேன்."

ராம் பிரசாத் தன் நாற்காலியைத் துடைத்து வெளியே போட்டார். மேசைக் காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பினார். உள்ளே இருந்த பெஞ்சையும் இழுத்து வந்தார்.

தனலட்சுமி மறுபடியும் வாட்சைப் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"நாலரைக்கு முன்னாடி பொண்ணு கையால வாங்கியாச்சு. இனிமே ராகு காலம் வந்தா வரட்டும். உக்காருங்க" என்றார் கணவரிடம்.

உட்கார்ந்தார்! தனக்காக ஊரையே காத்துக்கிடக்க வைக்கும் மாரியப்பன், கார்டு ஹவுஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. மகளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைக்க ராம் பிரசாத்தின் டிஷ்யூதான் கிடைத்தது.

மாரியப்பன் இரண்டாவது கிண்ணம் கேட்டார். தொழிற்சாலையில் என்ன மெஷின் பார்க்கிறாய் என்று தர்ஷினியை விசாரித்தார். அவள் சொல்லச் சொல்ல, பேரிங் பற்றி, எண்ணெய் பற்றி, இன்னும் எனக்குப் புரியாத எது எதைப் பற்றியோ இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். விக்னேஷ் காரை விட்டு இறங்கினான்.

கடைசியில் மாரியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு கண்டிஷன்."

சாந்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பட்டறைக்காரர். என்ன கேட்பார்? நகையா? காரா? மனதுக்குள் இருப்பதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். போதவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"நீங்க ஒரு ஸ்மார்ட்போன் வாங்கணும்ணே. சம்பந்தி வீட்டுக்கு நான் வரப் போக இருக்கணும். ஒவ்வொரு தடவையும் கேட்ல உக்காந்து கேசரி சாப்பிட முடியாது."

"நாளைக்கே வாங்கிடுவாரு" என்றாள் சாந்தி. நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே எனக்கும் சேர்த்துச் சம்மதித்துவிட்டாள்.

மாரியப்பன் போட்டோ எடுத்தார். மாப்பிள்ளை, பெண், நடுவில் கேசரித் தட்டு, பின்னால் 'பார்வையாளர் பதிவு' என்ற பலகை. உடனே குரூப்பில் போட்டார். நிபோங் திபால் அக்காவிடமிருந்து நீல டிக் வந்ததாம், பதில் வரவில்லையாம். மிச்சக் கேசரியைப் பொட்டலம் கட்டி, எங்கள் ஊர் பாஷையில் பொங்குஸ் பண்ணி, எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

அந்தப் போட்டோவை பினாங்கே பார்த்துவிட்டது. "என்னடா, மகளை கார்டு ஹவுஸ்லயா கட்டிக் குடுக்குற?" என்று என் பட்டன் போனில் பல பேர் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஸ்மார்ட்போன் வாங்கிவிட்டேன். மனைவி வாங்கினாள், நான் கூடப் போனேன். அது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் கேட் போன். என் சட்டைப் பையில் இன்றும் பழைய பட்டன் போன்தான் இருக்கிறது. கொள்கையை முழுதாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, பாருங்கள். கல்யாணம் தை மாதம். அழைப்பிதழ் குரூப்பில்தான் வருமாம். பட்டன் போன் வாசகர்கள் என்னைக் கூப்பிடுங்கள், வாயாலேயே அழைத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு தொல்லை. விடிந்ததும் விடியாததுமாக ஃபிரிட்ஜ் மேலிருந்து டிங் டிங் என்று சத்தம் வருகிறது. சம்பந்தி அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ. அடுத்து முருகன் படம். அடுத்து வெந்தயத்தின் பயன்கள். அதற்கு அடுத்து, பட்டறைக்குப் போகும் வழியில் அவர் பேசிய குரல் பதிவு. கொஞ்ச நேரத்தில் பதில் போகாவிட்டால் என் பட்டன் போன் அடிக்கிறது.

"அண்ணே, மெசேஜ் பாத்தீங்களா?"

பேசாமல் அவர் வரதட்சணையே கேட்டிருக்கலாம்... ஒரே தடவையோடு முடிந்திருக்கும்!