நெல்லின் மேல் நின்றவர்

'வாகன ஓட்டிகள் அவதி.' இந்த மூன்று சொற்களை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தஞ்சாவூர்ப் பகுதிச் செய்திகளில் அவை இல்லாமல் ஒரு வாரம் போனதில்லை. சாலையில் பள்ளம், வாகன ஓட்டிகள் அவதி. சாலையில் மாடுகள், வாகன ஓட்டிகள் அவதி. அறுவடைக் காலம் வந்தால் சாலையில் நெல், அப்போதும் அவர்களே அவதிப்பட்டார்கள். சைக்கிளில் போகிறவர் அந்த வாகன ஓட்டிகளில் சேரமாட்டார். அப்படி ஒரு விதி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் எங்கள் செய்திகளில் சைக்கிள்காரர் ஒரே ஒரு முறைதான் வருவார், 'பலி' என்ற சொல்லோடு.

நான் சொல்லப்போகிற மனிதரும் அப்படித்தான் வந்தார். அவரைப் பற்றிய நான்கு வாக்கியங்களை எழுதியவன் நான்.

பாபநாசத்திலிருந்து உள்ளே பிரியும் கிராமத்துச் சாலைகளில் அதுவும் ஒன்று. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடுதல் என்று நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள். வெயில் எட்டிப் பார்த்ததும் ஊரே சாலைக்கு வந்துவிட்டது. களம் வைத்திருப்பவர்கள் குறைவு. சேறில்லாத, சீக்கிரம் சூடேறுகிற தரை தார்ச்சாலை மட்டும்தான். இடது பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்து, இரண்டு முனையிலும் முள் கிளை போட்டிருந்தார்கள். வலது பக்கம் வாய்க்கால். மிஞ்சியது ஒரு கார் அகலம், அதிலும் வாய்க்கால் பக்கம் விளிம்பு உடைந்து கிடந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சைக்கிளும் ஒரு காரும் ஒரே திசையில் போனால் என்ன நடக்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்க்காரருக்கு சைக்கிள்காரர் ஓரம் போகாதது திமிராகத் தெரியும். சைக்கிள்காரருக்குப் போக ஓரமே இல்லை, ஓரத்தில் இருப்பது நெல். பைக்கில் வரும் இளவட்டங்கள் நெல்லின் விளிம்பில் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சைக்கிளில் வருகிற வயதானவர்கள் ஏற்றமாட்டார்கள். இன்னொருவர் நெல்லைச் செருப்புக் காலால்கூட மிதிக்காதவர்கள் அவர்கள். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எங்கள் வீட்டிலும் சிந்திய நெல்லில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்து பல வருடம் நானும் சைக்கிளில்தான் செய்தி சேகரித்தேன். எனக்குத் தெரியும். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அன்று நடுப்பகல். ஒரு பள்ளித் திறப்பு விழா செய்திக்காகப் போய்க்கொண்டிருந்தேன், நேரமாகிவிட்டது. எனக்கு முன்னால் அவர். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கேரியரில் ஒன்றுமில்லை. மிஞ்சியிருந்த சாலையின் நடுவில் சீராக மிதித்துப் போனார். முதலில் சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்தேன். பிறகு கொஞ்சம் நீளமாக. அவர் திரும்பிப் பார்க்காமல் இடது கையை உயர்த்தி ஒருமுறை அசைத்தார். நெல் முடியும் இடம் முன்னால் தெரிந்தது. அதுவரை பொறுங்கள் என்பதுதான் அந்தக் கை. எனக்கு அப்போது அது அப்படிப் படவில்லை.

மறுபடி ஹாரன் அடித்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார், என் காருக்கு நேர் முன்னால். ஸ்டாண்டு போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். வீம்புக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையை ஹாரனில் வைத்து எடுக்காமல் அழுத்தினேன்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டையும் கல் வரிசையை ஒட்டித் தாரில் ஜோடியாக வைத்தார். சைக்கிளைத் தூக்கினார். வாய்க்காலை இறங்கிக் கடக்கும்போது செய்வது போல நடுக்கம்பியைத் தோளில் கொடுத்துக்கொண்டார். கல்லைத் தாண்டி வெறுங்காலோடு நெல்லின் மேல் போய்ச் சக்கரம் தரையில் படாமல் நின்றார். நான் கடந்து போனேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே, தன் கால் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு லோடு வேன் வந்துகொண்டிருந்தது. அவர் சைக்கிளைச் சாலையில் இறக்கிவிட்டுச் செருப்பை நோக்கித் திரும்புவது வரை பின்நோக்குக் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு சாலை வளைந்துவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

விழா மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தபோது நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் காவல் நிலையத்திலிருந்து குறிப்பு வந்தது. சாலையில் காயவைத்திருந்த நெல்லில் சறுக்கி விழுந்த சைக்கிள்காரர் மீது பின்னால் வந்த வேன் ஏறியது, சம்பவ இடத்திலேயே இறந்தார். வேன் டிரைவர் சொன்னது அது. சைக்கிள் நெல்லின் நடுவில் தூக்கி வீசப்பட்டுக் கிடந்தது, நெல் சிதறியிருந்தது. பார்த்தவருக்கு அது சறுக்கியது போலத்தான் தோன்றும். கூடவே ஒரு புகைப்படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் வலது காலில் செருப்பு இருந்தது. இடதுகால் செருப்பு கல்லை ஒட்டி, வைத்தது வைத்தபடி இருந்தது. ஒன்றை மாட்டி முடித்திருக்கிறார்.

குறிப்பில் இருந்ததையே எழுதி அனுப்பினேன். மோதியதை நான் பார்க்கவில்லை, பார்க்காததை எழுத முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபது வருடம் கற்ற தொழில் அந்தச் சமாதானத்தை உடனே எடுத்துக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, சாலையில் நெல் காயவைப்போர் மீது நடவடிக்கை என்ற அறிவிப்பு வந்தது. அதையும் எழுதினேன். வாகன ஓட்டிகள் அவதி என்ற வரி அதில் தானாக வந்து உட்கார்ந்தது.

அந்தப் பக்கம் போக வேண்டிய வேலைகளைத் தள்ளிப்போட்டேன். ஆனால் நெல் எங்கும் இருந்தது. எந்தச் சாலையில் கல் வரிசையைப் பார்த்தாலும் அதற்கு அப்பால் ஒருவர் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு, நான் கடக்கட்டும் என்று நிற்பது போலிருக்கும். வேகத்தைக் குறைப்பேன். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். வீட்டு வாசலில் யாராவது செருப்பைக் கழற்றக் குனிந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அலுவலக மாடிக்கு ஒரு அம்மா ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் கவரில் நான் எழுதிய செய்தியின் கத்தரித்த துண்டு. அதை மேசையில் வைத்தார்.

"இத எழுதினது நீங்கதானங்களா?"

"ஆமாங்க. உட்காருங்க."

உட்காரவில்லை. "இதுல நெல்லுன்னு இருக்குல்ல, அது என் நெல்லு."

அவர் அப்பாவும் அம்மாவும் அந்த ஊர் நிலங்களில் கூலிக்கு நட்டவர்கள். இவர் அதே நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். கணவர் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னார். அவராகச் சொன்னது வேறு.

"ஸ்டேஷன்ல என் பேரையும் சேத்துட்டாங்க. அதுகூடப் போவுது சார், நெல்லு காயவச்சது நெசந்தான். செத்தவரு அடுத்த ஊரு. கேதத்துக்குப் போனேன். தெரு முனையிலயே நிறுத்திட்டாங்க. ஒன் நெல்லுதான் எங்க ஆளத் தின்னுச்சுன்னு சொன்னாங்க. திரும்பி வந்துட்டேன்."

"யாரும் சொல்றதப் பெருசா எடுத்துக்காதீங்க."

"ஊர்ல சொல்றதப் பேப்பர்லயும் போட்டிருக்கீங்க. அப்புறம் எத எடுத்துக்கறது?" குரலை உயர்த்தவில்லை. "அந்த நெல்ல அள்ளி வச்சது அப்படியே கெடக்கு. கொள்முதலுக்கும் போடல, அரைக்கவும் மனசு வரல. வெதைக்கு வைக்கலாமான்னா ஒரு ஆளு உசுரு போன நெல்லு. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நெசமாவே என் நெல்லு சறுக்கித்தான் அவரு விழுந்தாரா? நீங்க விசாரிச்சுத்தான எழுதியிருப்பீங்க?"

விடை எனக்குத் தெரியும். அவர் எதிரில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க, நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் கவரை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஏட்டு எனக்கு டீ சொன்னார். பல வருடப் பழக்கம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், ஹாரன் வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

"இது எதுக்கு சார்? ஹாரன் அடிச்சவனையெல்லாம் உள்ள வைக்கணும்னா மொதல்ல எங்க ஜீப் டிரைவரத்தான் வைக்கணும்."

"நடந்ததுங்க. எழுதிக்குங்க."

"அவரு நெல்லுல சைக்கிள் ஓட்டல, செருப்பு மாட்டிக்கிட்டு நின்னப்ப வேன் அடிச்சது. அந்தம்மா பேர கேஸ்லருந்து எடுக்கறதுக்கு இது போதும். மத்தது உங்க மனசுல வச்சுக்குங்க."

நான் மறுபடி சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். படித்துக் காட்டினார். 'எனது வாகனத்துக்கு வழிவிடும் பொருட்டு மேற்படி நபர் இறங்கி நின்றார்.' ஹாரனைப் பற்றி ஒரு சொல் இருந்தது, 'ஒலி எழுப்பியதில்'. எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இல்லை. எத்தனை முறை என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் என் மேல் குற்றம் எதுவும் இல்லை. வேறு எந்தத் தாளிலும் இருக்கப்போவதில்லை என்பது அப்போது புரிந்தது.

அந்த அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப என் நெல்லுல அவரு சைக்கிளே ஓட்டல."

"ஓட்டலைங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அவரு மொகத்தப் பாத்துட்டு வந்திருப்பேன். இப்பப் பதினாறும் முடிஞ்சு போச்சு."

அவர் மரத்தடியை விட்டு நகர்ந்தார்.

"வாங்க" என்றார். "அவுக வீட்ல வந்து சொல்லுங்க. ஸ்டேஷன்ல எழுதினது அவுகளுக்கு எப்பப் போய்ச் சேரும்?"

கார் அருகே வந்து பின் கதவைத் திறந்தேன். அவர் ஏறவில்லை. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தக் காரா?"

"ஆமாங்க."

"நான் பஸ்ல வந்துடுறேன்."

காரைப் பூட்டிவிட்டு நானும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அவர் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார், நான் பின்னால் நின்றுகொண்டேன். பேருந்து அந்த வளைவில் திரும்பியது. நெல் அள்ளி ஒரு மாதமாகியிருந்தது, சாலை கறுப்பாக வெறிச்சோடிக் கிடந்தது. டிரைவர் ஏர் ஹாரனை அடித்து ஒரு சைக்கிளை ஓரம் கட்ட வைத்தார். பேருந்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மா துவரை உடைத்துக்கொண்டிருந்தார். இறந்தவரின் மனைவி. எங்களைப் பார்த்ததும் கை நின்றது. என்னோடு வந்தவர் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய், நின்றபடியே சொன்னேன். நான் யார், என்ன வேலை, அன்று அவர் பின்னால் வந்தது நான், ஹாரன் அடித்தது நான், அவர் செருப்பைக் கழற்றியது, சைக்கிளைத் தூக்கியது, நின்றது. செய்தி தவறு என்றும் சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரமாகவில்லை.

அவர் அழவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தார்.

"நடுமத்தியானம்" என்றார். "நல்ல வெயிலு. தாருல காயிற நெல்லு சுடும். வெறுங்கால்ல எவ்வளவு நேரம் நின்னாரு?"

செய்தியாளனாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

"நான் போற வரைக்குங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி வாசலுக்கு வெளியே பார்த்தார். படலருகே நின்றவரிடம், "அங்கயே ஏன் நிக்கிற, உள்ள வா" என்றார். என்னோடு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கடந்து உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. என்னைப் போங்க என்று யாரும் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.