ரத்னாவின் இனிஷியல்

ரத்னாவின் வாயில் முதலில் வருகிற சொல் 'சரி'. அதில் சம்மதம் இருப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கேட்டுக்கொண்டேன், இப்போதைக்கு ஆளை விடு என்பதுதான் அதன் பொருள். அம்மா ரேஷன் கடைச் சண்டையை விவரித்தாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மருமகளைப் பற்றி மூக்கைச் சிந்தினாலும், ரத்னா 'சரி, சரி' என்று தலையாட்டிக்கொண்டே வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பாள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அந்தச் 'சரி'யைக் கேட்பது மனுஷ ஜென்மமாக இருக்கிறவரை அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

அவள் பிறந்தது கோட்டூர்புரம் பக்கம், அடையாற்றின் கரையில் இருந்த ஒரு குடிசையில். குடிசைகளை அகற்றியபோது குடும்பத்தைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து படித்தாள், பட்டம் வாங்கினாள், இப்போது நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மயிலாப்பூரிலும் அடையாறிலும் சாந்தோமிலும் தனியே படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்குக் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற நிறுவனம் அது.

சேருகிற ஆளுக்குக் கணக்குத் திறப்பதும், நின்றுவிட்ட ஆளின் கணக்கை மூடுவதும் ரத்னாவின் வேலை. சிங்கிள் சைன்-ஆன் என்பார்கள். ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கம்பெனி கொடுத்த போனில் ஒருமுறை போட்டுவிட்டால் மருந்து நேரம், டாக்டரின் எண், வருகைப் பதிவு எல்லாம் திறந்துகொள்ளும். நோயாளி வீட்டு வாசற்கதவும் அதில்தான் திறக்கும். ஆள் மாறும்போதெல்லாம் சாவி மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று, சாவித் துவாரமே இல்லாத பூட்டுகளை மாட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து யாரும் திறக்கலாம். வெளியேயிருந்து திறக்கக் கணக்கு வேண்டும்.

பிறகு மித்ரா வந்தது. அது கணினியில் இருக்கிற உதவியாளர். தமிழில் சொன்னாலும் புரிந்துகொள்ளும், ஆங்கிலத்தில் சொன்னாலும் புரிந்துகொள்ளும், இரண்டையும் குழப்பி அடித்தாலும் புரிந்துகொள்ளும். ரத்னாவோடு அந்த வேலை பார்த்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு பிரிவுக்குப் போனார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். ஒப்புதல் கொடுக்க ஒரு மனுஷி வேண்டும் என்பதற்காக ரத்னாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மித்ரா கேட்கும், ரத்னா சொல்லுவாள். நிம்மதியான வேலை என்று பார்த்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவளுக்கென்னவோ ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் அவள் பெயர் ரத்னா எம். அந்த எம் என்ன என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பே சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் காதில் இருந்தது. ஒருமுறை அவளுடைய மேலதிகாரி டெரிக் காப்பி குடித்துக்கொண்டே, "எம்-னா என்ன ரத்னா?" என்று கேட்டார்.

"மண்ணாங்கட்டி சார்" என்றாள்.

ஏதோ கோபத்தில் இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு டெரிக் சிரித்தபடி நகர்ந்துவிட்டார். அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவளுடைய அப்பாவின் பெயர் மண்ணாங்கட்டி. அவருடைய தாய்க்குத் தலைச்சன் பிள்ளை பிறந்ததும் ஆசை ஆசையாக ஏழுமலை என்று சாமி பெயர் வைத்தாள். அது நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே போனது. பிறகு பிறந்தவரைக் குப்பை மேட்டில் கிடத்தி, அங்கிருந்து எடுத்த அடுத்த வீட்டுக்காரியிடம் தவிட்டை விலையாகக் கொடுத்து வாங்கி, மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டாள். இப்படி ஒரு பெயருள்ளதை எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. பார்க்கவில்லைதான். மனிதர் தலை நரைத்து நன்றாக இருந்தார். போகி வந்தால் செத்துப்போன அண்ணன் ஏழுமலைக்கு ஒரு இலை போட்டுப் படைப்பார். படைக்கும்போதுகூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

மண்ணாங்கட்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்தவர். அது மூடிப்போனதும் ரத்னாவே தன் நிறுவனத்தில் சேர்த்துவிட்டாள். அப்பா என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவரும், "நீ சொல்லாதம்மா, உனக்கு எதுக்கு அசிங்கம்" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவளைச் சுட்டது. ஆனாலும் சொல்லவில்லை.

அவர் சாந்தோமில் ஃபிரெட்ரிக் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டில் தங்கியிருந்தார். பக்கவாதத்தில் விழுந்தவர் ஃபிரெட்ரிக். பேச்சு இல்லை, சளி வந்தால் துப்ப முடியாது. தொண்டையில் கட்டிக்கொள்ளும் சளியைக் கருவியால் உறிஞ்சி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். லிசா என்ற நர்ஸ் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் மண்ணாங்கட்டிதான்.

தணிக்கை வருகிறது என்று அந்த வாரம் கணக்குகளைச் சுத்தம் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மித்ரா வேலையில் இறங்கியது. சோதனைக்காகத் திறந்து மறந்துபோன சில கணக்குகள் இருக்கின்றன, இவை மனிதர்களின் பெயர்கள் அல்ல, இவற்றில் நெடுநாளாக யாரும் உள்நுழையவும் இல்லை, நீக்கிவிட்டு இந்தச் சொற்களில் இனி கணக்குத் திறக்காதபடி தடுத்துவிடட்டுமா என்று கேட்டது. 'டெஸ்ட்', 'டம்மி', 'அஆஇஈ' என்ற பெயர்களெல்லாம் அதில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது.

கூடவே தங்கி வேலை செய்கிற ஆள் ஒருமுறை உள்நுழைந்தால் வெளியே வருவதே இல்லை. அதனால் மறுபடி உள்நுழைவதும் இல்லை. கண்ணை மூடாமல் உழைக்கிறவன்தான் மித்ராவின் கண்ணுக்கு இல்லாதவனாகத் தெரிந்தான். ரத்னா பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அம்மா அப்போது போனில் தண்ணீர் லாரி வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்னா வாயால் அம்மாவுக்கு 'சரி' என்றாள். கையால் மித்ராவுக்கு 'சரி, பாக்கறேன்' என்று அடித்தாள்.

மறுநாள் முற்பகலில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அப்பாவின் குரல்.

"ரத்னா, வாட்ச்மேன் அய்யாதுரை போன்லேர்ந்து பேசறேன். மருந்து வாங்க கீய எறங்குனேன். கதவு தொறக்க மாட்டேங்குது. போன் பூட்டிக்கிச்சு. என் பட்டன் போனு உள்ள சார்ஜ்ல கீது. ஹெல்ப்லைனுக்குப் பேசினா அப்டி ஒரு ஆளே இல்லன்னு சொல்லுது."

"சாரு?"

"உள்ள கீறாரு. சளி கட்டிக்கினு கொர்ருகொர்ருனு சத்தம் வருது, எனக்கு வெளிய கேக்குது."

ரத்னா மித்ராவிடம் அந்தக் கணக்கைத் திருப்பிக் கொடு என்றாள். உங்கள் ஒப்புதலின்படி அது நீக்கப்பட்டது, சோதனைக் கணக்குகளை மீட்க இயலாது என்று பதில் வந்தது. நான் எப்போது ஒப்புக்கொண்டேன் என்று கேட்டாள். அவள் அடித்த 'சரி'யையே எடுத்துக் காட்டியது. புதிதாகத் திற என்றாள். பெயர் கேட்டது. மண்ணாங்கட்டி என்று அடித்தாள். இது மனிதப் பெயர் அல்ல, தடுக்கப்பட்ட சொல், தடையை நீக்க டெரிக்கின் ஒப்புதலும் தேவை, உண்மையான பெயரைத் தாருங்கள் என்றது. ஆதாரில் இதுதான் பெயர் என்றாள். புரிகிறது, உங்கள் அவசரத்துக்கு வருந்துகிறேன், உண்மையான பெயரைத் தாருங்கள் என்றது.

அந்தக் கதவைத் திறக்கக் கணக்குள்ள இன்னொருத்தி லிசா. அவள் போனை எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். டெரிக் விமானத்தில் இருந்தார். கதவை உடைக்கச் சொன்னாள். இரும்புக் கதவு, பட்டினப்பாக்கத்திலிருந்து ஆள் கூட்டிவர அய்யாதுரை போனை இங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் போனை வாங்கிச் சொன்னார். அவருக்குப் பின்னால் அப்பா கதவில் வாயை வைத்து, "சார், நான் இங்கதான் கீறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது கேட்டது. பிறகு அந்தக் குரலும் நின்றது.

"இன்னா நைனா?" என்று ரத்னா கத்தினாள்.

அப்பா போனை வாங்கினார். "சத்தம் நின்னுட்ச்சும்மா" என்றார்.

ஏதாவது ஒரு பெயர். ஆண்பிள்ளையின் பெயர். அவள் வீட்டில் அப்பா பெயரைத் தவிர இருந்த இன்னொரு ஆண் பெயர், போகி இலைக்கு உரிய பெயர். ரத்னா அதை அடித்து, அப்பாவின் கம்பெனி போனுக்கு என்று குறித்தாள். மித்ரா கண் இமைக்கும் நேரத்தில் ஏற்றுக்கொண்டது. பொய்ப் பெயருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

கம்பெனி போன் உயிர்பெற்றுப் பேசுவது அய்யாதுரையின் போன் வழியாக அவளுக்கும் கேட்டது. "வணக்கம், ஏழுமலை." பூட்டு விலகிய ஓசை கேட்டது. ஆனால் அப்பா உடனே உள்ளே ஓடவில்லை. ஒரு நொடி கழித்துத்தான் அவருடைய காலடிச் சத்தம் கேட்டது.

ஃபிரெட்ரிக் பிழைத்துக்கொண்டார். நீலம் பாரித்துப் போயிருந்தவரைப் புரட்டிப் போட்டு, உறிஞ்சி எடுத்து, மண்ணாங்கட்டிதான் திருப்பிக் கொண்டுவந்தார். அன்று மாலை மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பேரை யாரு குட்த்தது?" அவள்தான் என்றதும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எங்கம்மா அவ்ளோ பாடுபட்டு எமன் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சா. நீ கூப்ட்டுக் காட்டிட்டியே" என்றார்.

டெரிக் திரும்பி வந்ததும் ரத்னா எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணாங்கட்டி என் அப்பா சார் என்பதையும் முதன்முறையாகச் சொன்னாள். டெரிக் கெட்டவர் இல்லை, பயந்தவர். பூட்டில் சின்னக் கோளாறு, ஏழுமலை என்ற ஊழியர் சமாளித்துவிட்டார் என்று ஃபிரெட்ரிக்கின் மகன்களுக்கு நிறுவனம் ஏற்கெனவே விளக்கம் எழுதிவிட்டது. இப்போது பெயரை மாற்றினால் ஓர் உயிருள்ள ஆளை நீக்கியது வெளியே வரும், ஒப்புதல் ரத்னாவின் பெயரில் இருக்கிறது, பிறகு அவளுக்குத்தான் கஷ்டம் என்றார். தணிக்கை முடியட்டும், கதவு திறக்கிறதல்லவா, பெயரில் என்ன இருக்கிறது என்றும் சொன்னார். ரத்னா 'சரி' என்றாள். அவளுக்கே தன் வாயைப் பிடுங்கிப் போட வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் தூக்கம் கெட்டது. ஒவ்வொரு முறை கதவருகே போகும்போதும் அந்த போன் அப்பாவைச் செத்தவன் பெயர் சொல்லி வரவேற்கும் என்ற நினைப்பே அவளை அரித்தது. படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். இருந்தும் அப்பா ஒருமுறை போனில் இருமியபோது, உடம்புக்கு என்ன என்று விடாமல் கேட்டாள்.

ஒரு காலை அலுவலகத்தில் உட்கார்ந்ததும் மித்ராவின் செய்தி காத்திருந்தது. ஏழுமலை என்ற கணக்கில் சில நாட்களாக எந்த அசைவும் இல்லை. நீக்கட்டுமா?

ரத்னா அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டது அவள் காதில் விழவில்லை. ஏழுமலை, ஏழுமலை என்று மனசு அடித்துக்கொண்டது. நான்தானே கூப்பிட்டேன், நான்தானே என்று அழுகை முட்டியது.

"யாரு?" என்றது அப்பாவின் குரல்.

சாருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன், கை ஈரம் என்றார் அவர். கம்பெனி போன் எங்கே என்று கேட்டாள். அணைத்து பீரோமேல் போட்டுவிட்டாராம். மருந்து நேரமெல்லாம் மனப்பாடம். பாலும் மருந்தும் லிசா வரும்போது வாங்கி வருகிறாள்.

"நீ வெளிய போறதில்லையா நைனா?"

"போனா திரும்பி வர அந்தப் பேர்லதான வரணும்? நான் போவல."

அந்தப் பெயரில் கதவு திறந்த நாளிலிருந்தே அவர் வாசற்படி தாண்டவில்லை. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாலையில் அங்கே போய்க் காற்று வாங்குவதுதான் அவருடைய ஒரே ஆசை. அதையும் விட்டுவிட்டு அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

ரத்னா மித்ராவின் கேள்வியைப் படித்துக் காட்டினாள். தணிக்கை முடிகிறவரை புதுக் கணக்குத் திறக்க டெரிக் விடமாட்டார், இதை நீக்கிவிட்டால் இனி எந்தப் பெயரிலும் கதவு திறக்காது, ஒருமுறை வெளியே வந்தால் அப்புறம் உள்ளே போகவே முடியாது என்று நிதானமாக விளக்கினாள்.

"வெளிய வந்தாத்தான? இவர வுட்டுட்டு நான் எங்க போவப் போறேன். அந்தப் பேர எடுத்துடு கண்ணு" என்றார் மண்ணாங்கட்டி.

பின்னணியில் ஃபிரெட்ரிக்கின் தொண்டை கரகரத்தது. அப்பா, இரு வரேன் சார் என்று சொல்லிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

ரத்னா திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக அர்த்தம் முழுவதும் தெரிந்து, 'சரி' என்று அடித்தாள்.

நீக்கப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது. அதன் கீழே, ஒப்புதல் அளித்தவர் ரத்னா எம். என்றிருந்தது. அந்த நிறுவனத்தில் அவள் அப்பாவின் பெயர் மிச்சமிருந்தது அந்த ஓர் எழுத்தில்தான்.