அவருக்குப் பின் உயிரோடு இருப்பவர்கள்

நேற்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் என் சிநேகிதியின் மகனைப் பார்த்தேன். "எப்படிப்பா இருக்கே?" என்றேன். கையில் ஐஸ்கிரீமோடு, "ஏதோ சர்வைவ் பண்றேன் ஆன்ட்டி" என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அவன் என்ன செய்வான்! எனக்கும் அந்த வார்த்தைக்கும் ஐம்பது வருஷப் பகை.

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். தலை முடியில்கூடக் கார்பன் பேப்பர் வாடை அடிக்கும். கடல் கடந்து தொழில் செய்த வீடுகளின் ஆங்கிலக் கடிதமெல்லாம் எங்களிடம்தான் வரும்.

ஒருநாள் வந்தது மரண அறிவிப்பு. பினாங்கில் கடை வைத்திருந்தவர் அங்கேயே இறந்துவிட்டார். அந்த ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்ப அவர் தம்பி விவரம் கொண்டுவந்தார். "சர்வைவ்டு பை" என்று போட்டு இரண்டு மகன்கள், மூன்று தம்பிகள் பெயரை அடிக்கச் சொன்னார். எனக்கு அது புதுச்சொல். அகராதியைப் புரட்டினேன். லத்தீனாம், 'அப்பால்' என்று ஒரு துண்டு, 'வாழ்' என்று ஒரு துண்டு. ஒருவர் போன பிறகும் வாழ்வது. கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரிபார்க்க அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உள்ளறையில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். "வாசிச்சுச் சொல்லுத்தா" என்றார். 'அவருக்குப் பின் உயிரோடு இருப்பவர்கள்' என்று மேதாவித்தனமாக விளக்கி, பெயர்களை வாசித்தேன்.

"என் பேரு?"

"இல்லீங்க ஆச்சி."

"அப்ப நானும் செத்துட்டேனா?"

தம்பி குறுக்கே வந்தார். "பொம்பளைக பேரப் பேப்பர்ல போடுற வழக்கம் இல்ல. சும்மா இருக்கீகளா?"

"பதினெட்டு வருசம் காயிதத்துலயே குடும்பம் நடத்துனேன். இந்தக் கடேசிக் காயிதத்துலயாச்சும் நான் இருக்கக் கூடாதா?"

தம்பி என் கையிலிருந்த தாளைக் காட்டி, "இப்படியே அனுப்பிரு" என்றார். நல்ல பிரதி அடித்து, உறையில் போட்டு, தபாலில் சேர்த்தது நான். ஒரு வரி கூட்டியிருந்தால் பினாங்கில் அச்சாகும்வரை யாருக்குத் தெரியும்? வேலை போய்விடும் என்று பயந்து அடிக்கவில்லை. வழக்கம் பேசிய அந்த மனிதர்மேல் கோபம். என் விரல்கள்மேல் அதைவிடக் கோபம். இன்னும் தணியவில்லை.

இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. என் மெஷின் பழைய இரும்புக்குப் போனது. அந்த ஆச்சி கணவருக்கு அப்பால் நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்டுப் போனார்.

நேற்று வீடு திரும்பியதும், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய நான், செல்போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தேன்: 'மனைவி, விசாலாட்சி.' அனுப்பத்தான் இடமில்லை.