குழி மேட்டில் நான் சொன்ன கதை

பேரணாம்பட்டில் எங்கள் தோல் கிடங்கில் புது ஆள் சேர்ந்தால், முதல் நாள் அவரை, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி மேட்டில் நிறுத்தி ஒரு கதை சொல்வது வழக்கம். கால் வழுக்கி விழுந்த ஒருவரை நான் குழிக்குள் இறங்கித் தூக்கிய கதை. மேஸ்திரியான நானே அதைச் சொல்ல வேண்டும் என்பது முதலாளி சாயபுவின் உத்தரவு. கேட்டவர்கள் குழியருகே பார்த்து நடந்தார்கள். பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கதை பொய்.

அந்த ஆள் விழுந்ததும் நான் வாசல்வரை ஓடி, அங்கிருந்துதான் பார்த்தேன். இறங்கியவன் என் கூட்டாளி. பக்கத்துப் பக்கத்துக் கட்டையில் தோல் சுரண்டியவர்கள் நாங்கள். விழுந்தவரை மேலே தள்ளி, தானும் ஏறி, அப்படியே மயங்கிச் சாய்ந்தான். தோல் பதனிடும் பட்டை அடுக்கிய கொட்டகையிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பி வந்தேன். இருவர்மேலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். சாயபு வந்தபோது நனைந்து நின்றவன் நான் ஒருவன்தான். "நீயா தூக்கின?" என்றார். தலையாட்டினேன்.

விழுந்தவர் பிழைத்துச் சொந்த ஊர் போனார்; திரும்பவில்லை. கூட்டாளி, சுண்ணாம்பு பட்ட கண்களின் கட்டை அவிழ்த்து வேலைக்கு வந்தபோது நான் மேஸ்திரி. ஒரே ஒரு முறை கேட்டான்: "நான்தானே எறங்கினேன்?"

"நீ மயக்கத்துல இருந்த. உனக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?" என்றேன். அன்று நாக்குக் கூசவில்லை. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது.

கதை வளர்ந்தது. இடுப்பளவு சுண்ணாம்பில் என் உடம்பு எரிந்ததாகச் சேர்த்தேன். சில வருடங்களில் அந்த எரிச்சல் எனக்கே நினைவில் இருந்தது. துணிச்சல்காரன் என்ற நினைப்பில் வீட்டிலும் தெருவிலும் எல்லோரையும் அதட்டினேன். நான் கதை சொன்ன ஒவ்வொரு தடவையும் கூட்டாளி தோல் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் கொட்டகையில் ஆவாரம்பட்டை தீப்பிடித்தது. யோசிப்பதற்குள் நான் வாசலில் நின்றேன். முன்பு ஓடிவந்து நின்ற அதே இடம். அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, கிடங்குக்கு விடுமுறை. கூட்டாளி வீட்டுக்குப் போய், அவன் மனைவி முன்னாலேயே சொன்னேன். "அன்னிக்கு எறங்கினது நீதான். நான் ஓடிட்டேன்."

அவன் சிரித்தான். "இன்னா பேச்சு இது மேஸ்திரி? நான் மேட்டுல நடுங்கினு இல்ல நின்னேன்? நீ எறங்கறப்ப தெறிச்சதுதான் இது" என்று முழங்கைவரை வெந்து சுருங்கிய இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இல்லப்பா, நெசமா சொல்றேன்."

அவன் மனைவியிடம் திரும்பினான். "பாத்தியா, எம்மாம் அடக்கம்." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "என் மவனாண்டகூட சொல்லி வச்சிருக்கேன். உங்கப்பன் மாதிரி பயந்தாங்கொள்ளியா இருக்காதடா, மேஸ்திரி மாதிரி இருன்னு."