முருகனுக்கு மூன்று நாள் லீவு

லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பூஜை அறை கிடையாது. சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஓர் அலமாரி. திருச்செந்தூர் முருகன் படம், வேல், விளக்கு எல்லாம் அதற்குள்தான். அதனாலோ என்னவோ, அம்மாவுக்குப் பூஜை வேறு சமையல் வேறு என்று இருந்ததே இல்லை. வெங்காயம் நறுக்கும்போதும் முருகா, குக்கரை மூடும்போதும் முருகா. கையில் இருக்கிற வேலையை விட்டு மனசு எங்கேயாவது மேயப் போனால், அதுதான் அவள் கணக்கில் பெரிய பாவம்.

எனக்கு அவள் கொடுத்த பூஜை, பால் காய்ச்சுவது. பாக்கெட் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தால் பொங்கி வரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. டிவி கூடாது, ஜன்னல் கூடாது. பொங்கியதும் முருகா என்று அடுப்பை அணைத்து, முதல் டம்ளரை அலமாரியில் வைத்து எடுக்க வேண்டும். ஸ்டூல் போட்டு நின்ற வயதிலிருந்து அது என் வேலை. ஜுரம் என்றாலும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நிற்பேனே தவிர, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அம்மா அந்த அலமாரிக் கதவைச் சாத்திவிடுவாள். பால் நேரே காபிக்குப் போகும். அப்பாவுக்கு ஆபீஸில் லீவு கிடைப்பதுபோல முருகனுக்கும் லீவு என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பெரியவளானது ஒரு ஜனவரியில். அப்பாவின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அத்தை எனக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, ஊட்டிவிடாத குறையாகத் தின்ன வைத்தாள். அன்பில் குறை சொல்லவே முடியாது. அதே அன்போடு, இனி சமையலறைப் பக்கம் வரக்கூடாது, பாலைத் தொடவே கூடாது என்றும் சொன்னாள். உன் அம்மாவே இந்த நாட்களில் கதவைச் சாத்திவிட்டுத்தானே சமைக்கிறாள், இப்போதுகூட நேற்றிலிருந்து சாத்தித்தானே கிடக்கிறது என்று கேட்டாள். முருகனின் லீவு ரகசியம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை எழுந்ததும் நேரே போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். அலமாரிக் கதவையும் படாரென்று திறந்துவிட்டேன்.

அத்தை போட்ட சத்தத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா மொபைலில் செய்தி படிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஒரே செய்தியை எத்தனை தடவை படித்தாரோ. எனக்குக் கோபம் வந்தால் தமிழ் ஓடிவிடும், இந்திதான் வாயில் நிற்கும். ஆனால் அத்தைக்குப் புரிய வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு தமிழைத் தேடிப் பிடித்தேன்.

"நேத்து சாம்பாரு அம்மாதான வெச்சா? நீங்க சாப்ட்டீங்கல்லா? ஒங்களுக்கு ஒட்டாத தீட்டு முருகனுக்கு மட்டும் ஒட்டுமாக்கும்?"

அம்மா தோசைக் கரண்டியோடு என்னிடம் வந்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். விழுந்தாலும் கதவைச் சாத்துவதாக இல்லை.

"பாலப் பாருட்டி. பொங்கிரப் போவுது" என்றாள்.

பொங்கியது. முருகா என்று வீடு அதிரக் கத்தி அணைத்தேன். முதல் டம்ளரை அம்மாவே தன் கையால் அலமாரியில் வைத்தாள். பிறகு எடுத்து அத்தையிடம் நீட்டி, "குடிங்க மதினி" என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை. அத்தை டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாங்கி ஊதி ஊதிக் குடித்துவிட்டு, சீனி பற்றவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா அலமாரி முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறாள். பின்னால் கல்லில் தோசை கருகுகிறது. ஒரு நாளும் எதையும் கருகவிடாதவள். கண்ணில் தண்ணீர் வேறு. அத்தைக்குப் பயந்துவிட்டாளாக்கும் என்று, நான் இருக்கிறேன், பயப்படாதே என்றேன்.

"பயம் என்னட்டி பயம்" என்றாள் அம்மா, திரும்பாமலே. "அவனப் பாத்து ரெண்டு நாளாச்சு."

வெறும் ரெண்டு நாளுக்கா ஒருத்தி இப்படி அழுவாள் என்று நினைத்துக்கொண்டே, ஜெயித்த மிதப்பில், கருகிய தோசையைச் சுரண்டப் போனேன்.