வீன் என்று ஓர் ஊர்

போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பமொன்றின் சிறுமி போட்டிருந்த சட்டையில் நாலே நாலு ஆங்கில எழுத்து: WIEN. "வீன்" என்று வாசித்தேன்.

"அன்ரி, நீங்களும் அங்க இருந்தனீங்களோ?" என்றாள் அவள்.

கொழும்புக்கு அப்பால் போகாதவள் நான். ஆனாலும் அந்த உச்சரிப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைப் பழக்கியவர் மகேஸ் அக்கா.

இளவயதில் நயினாதீவில் ஒரு ரெலிபோன் கடையில் வேலை செய்தேன். சுவரில் உலகப்படம், வெளிநாட்டு அழைப்புக்காக எப்போதும் காத்திருக்கும் சனம், வியர்வையும் பவுடரும் கலந்த மணம். தீவிலுள்ள புத்த விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களுக்குப் பனங்கட்டி விற்று வீட்டை நடத்தினார் மகேஸ் அக்கா. ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வியன்னாவுக்கென்று புறப்பட்ட கணவரிடமிருந்து மாதக்கணக்காய்ச் செய்தியில்லை.

ஒருநாள் அழைப்பு வந்தது. ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன்.

"நான் வீனிலை நிக்கிறன்..." கணவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது. அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது.

"வீனோ? ஏஜென்சிக்காரன் வேறெங்கையோ இறக்கிப்போட்டான்" என்றார் காத்திருந்த ஒருவர். நானும் உலகப்படத்தைத் துழாவிவிட்டு, "அப்பிடி ஒரு ஊர் இல்லை அக்கா" என்று பெரிய மேதைபோல அறிவித்தேன்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு உலகப்படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, என்னட்டை வாற சிங்களச் சனம் கொழும்பைக் கொளம்ப எண்டுதுகள். இங்கிலீசிலை கொலம்போ. புதுசா வாறவன் மூண்டு ஊரெண்டுதானே நினைப்பான்? அவர் திரும்ப எடுக்கட்டும், கேக்கிறன்."

மீண்டும் மணி அடித்தது. அக்கா அழவில்லை, சுகம் விசாரிக்கவும் இல்லை. "வியன்னாவை அங்கத்தைச் சனம் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"அதைத்தானப்பா வீன் எண்டுறாங்கள்!"

அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "என்ரை மனுசன் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறார்."

அதன்பிறகு அவர் முன்னால் யாரும் வியன்னா என்று சொல்ல ஏலாது. உடனே திருத்துவார். "வீயென் இல்லை பிள்ளை, வீன்" என்று, எழுத்துக்கூட்டி வாசித்த என்னையும் பழக்கினார்.

இப்போது அந்தக் கடை இல்லை. யார் எங்கே நிற்கிறார் என்று கைபேசியே காட்டிவிடுகிறது. அவரவர் வீட்டுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர் சுகமாய்ப் போய்ச்சேர்ந்ததற்கு ஒரு கடை நிறையச் சனம் கைதட்டியதை அன்றைக்குப் பிறகு நான் கேட்டதில்லை.